ஒரே பதிலுக்கு முப்பத்திரண்டு மதிப்பெண்கள்

சென்னை
11-5-1978

திரு. ஜானி பாஷா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் எம்.டி. தேர்வில் உங்களைப் பரிசோதித்தவர்களில் நானும் ஒருத்தி. கட்டில் காலில் முட்டிக்கொண்டு ஸ்டெதாஸ்கோப்பைக் கீழே போட்டேனே, அந்தப் பச்சைப் புடவைக்காரி. உங்கள் முகவரியை வார்டு எழுத்தரிடம் கெஞ்சி வாங்கினேன். தேர்வுக்கு வந்த டாக்டர், கேஸாகப் படுத்திருந்த நோயாளிக்குக் கடிதம் போடலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஃபெயிலானவள் போட்டால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

ஆமாம், நான் ஃபெயில்.

உங்கள் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. இன்னொரு வால்வும் லேசாக ஒழுகுகிறது என்று நான் சொன்னேன். நீங்கள் முன்னால் குனிந்து மூச்சை வெளியே விட்டு நிறுத்தியபோது, வாயால் மெல்ல ஊதுவது போல ஒரு சத்தம் கேட்டது. பேராசிரியர் அப்பாதுரை தானும் கேட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குக் கேக்கலையே, உனக்கு மட்டும் எப்படிம்மா கேக்குது?" என்றார். பக்கத்திலிருந்த இன்னொரு தேர்வாளர் காது வைத்துக்கூடப் பார்க்கவில்லை. பெரியவர் சொன்னதற்குத் தலையாட்டினார். அவ்வளவுதான், மார்க் எழுதியாகிவிட்டது.

நீங்கள் பதினோரு வருடமாகத் தேர்வுக்கு வருவதாக எழுத்தர் சொன்னார். அத்தனை வருடத்தில் மற்றவர்கள் எத்தனை வால்வு என்று சொன்னார்கள்? நான் கேட்டது சத்தத்தையா, என் பயத்தையா? தெரிந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கஸ்தூரி

*

திருவண்ணாமலை
20-5-1978

டாக்டரம்மா அவர்களுக்கு ஜானி பாஷாவின் சலாம்.

உங்களை நன்றாக ஞாபகம் இருக்கிறது. கை ஜில்லென்று இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தொட்ட ஒரே டாக்டர் நீங்கள்தான்.

எனக்கு இங்கே திருவூடல் தெருவில் வாடகை சைக்கிள் கடை. பத்து வண்டி இருக்கிறது. நான் மட்டும் ஓட்ட முடியாது, நாலாவது மிதியில் மூச்சு வாங்கும். அங்கே உங்கள் ஆஸ்பத்திரியில் என் பெயர் யாருக்கும் தெரியாது. "மைட்ரல் வந்துட்டாரா?" என்று என் சுருங்கிய வால்வின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை கார்டு வரும். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். எப்படியும் கழற்றத்தான் போகிறார்கள், இருந்தாலும் பரீட்சைக்குப் போகிறோம் இல்லையா.

வால்வு விஷயம் கேட்டீர்கள். முதல் நாலு வருடம் ஒன்று. அப்புறம் வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார், இரண்டு என்றார். ஒன்று என்று சொன்னவர்கள் எல்லாம் அந்த வருடம் ஃபெயில். அடுத்த வருடம் அவர் வரவில்லை, மறுபடி ஒன்றாகிவிட்டது. 1975இல் வந்தவர் காலையில் ஒன்று என்றார், சாப்பிட்டுவிட்டு வந்து கேட்டுவிட்டு இரண்டு என்றார். காலையில் இரண்டு என்று சொல்லி ஃபெயிலானவரும், சாயந்திரம் ஒன்று என்று சொல்லி ஃபெயிலானவரும் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுகொண்டு போனதை நானே பார்த்தேன்.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரி முன்னி பேகத்துக்குப் படித்துக் காட்டினேன். "இத்தினி டாக்டருங்க காது வெச்சுப் பாக்கறாங்களே, ஒருத்தராவது உங்களுக்கு இன்னா பண்ணலாம்னு சொன்னாங்களா?" என்றாள். அவளுக்கு விவரம் போதாது. பரீட்சையில் யாரும் மருந்து எழுத மாட்டார்கள்.

நீங்கள் கேட்டது சத்தம்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் என் நெஞ்சை நானே கேட்டதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜானி பாஷா

*

திருவண்ணாமலை
2-12-1978

டாக்டரம்மா அவர்களுக்கு,

நேற்றுத்தான் ஊர் வந்து சேர்ந்தேன். நீங்கள் பாஸாகிவிட்டதாக வார்டில் சொன்னார்கள். சந்தோஷம்.

ஒரு விஷயம் மட்டும் மனசில் இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். இந்தத் தடவையும் என்னைத்தான் உங்களுக்குக் கேஸாகப் போட்டார்கள். என்னைக் குனியச் சொன்னீர்கள், மூச்சை நிறுத்தச் சொன்னீர்கள், கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டீர்கள். உங்களுக்குக் கேட்டது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் அப்பாதுரை சாரிடம் போய், "ஒரு வால்வுதான் சார்" என்றீர்கள்.

அப்படியானால் என் இரண்டாவது வால்வு எங்கே போனது?

ஜானி பாஷா

*

சென்னை
8-2-1981

பாஷா பாய்க்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை நாளும் தேர்வு வாரத்தில் அந்த வார்டுப் பக்கம் போகாமல் மாடியைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். இப்போது நான் அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியை. சுற்றி நடப்பது கஷ்டமாக இருக்கிறது.

எனக்குக் கேட்டது உண்மை. ஒன்று என்று சொன்னதும் உண்மை. மூன்றாவது தடவை உட்கார எனக்குத் தெம்பு இல்லை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

என்னோடு அறையில் தங்கியிருக்கும் சந்திரகலா புள்ளியியல் ஆசிரியை. இதையெல்லாம் ஒருநாள் அவளிடம் சொன்னேன். "ஒரே மூட்டையை ரெண்டு தடவை நிறுத்து ரெண்டு எடை வந்தா, மூட்டையைத் திட்டுவியா, தராசைப் பாப்பியா?" என்று கேட்டாள். மாணவர்களை இத்தனை வருடம் அளந்திருக்கிறோம். அளக்கிற தேர்வை யாரும் அளந்து பார்த்ததில்லை.

அளந்து பார்க்கப் போகிறேன். நான்கு தேர்வாளர்கள். தேர்வுக்குத் தயாராகும் எட்டு டாக்டர்கள். ஒரே நோயாளி, நீங்கள். எட்டுப் பேரும் ஒவ்வொருவராக உங்களைப் பரிசோதித்துவிட்டு வந்து பதில் சொல்வார்கள். நான்கு பேரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் நூற்றுக்கு மார்க் போட வேண்டும். எல்லாவற்றையும் டேப்பில் பதிவு செய்வேன்.

கல்லூரியில் இடம் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். திருவண்ணாமலையில் இரண்டு நாள் இதய முகாம், காலையில் தரிசனம் என்று சொன்னதும் நான்கு பேரும் சம்மதித்துவிட்டார்கள். அப்பாதுரை சாரிடம் மட்டும் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். "என்னை அளக்க ஸ்கேல் வெச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு, அவர் மனைவிக்கு அண்ணாமலையார் வேண்டுதல் பாக்கி இருப்பதாகச் சொன்னார்.

இடம் பார்த்துத் தருவீர்களா? ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

கஸ்தூரி

*

திருவண்ணாமலை
17-2-1981

டாக்டரம்மா அவர்களுக்கு சலாம்.

பழைய விஷயத்தை விடுங்கள். நான் அந்தக் கடிதத்தைப் போட்ட மறுநாளே ஏன் போட்டோம் என்று ஆகிவிட்டது. முன்னி பேகம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "பாஸான பொண்ணுக்கு ஒரு வாழ்த்து எழுதத் தெரியல" என்றாள்.

மலை சுற்றும் பாதையில் ஒரு சத்திரம் பேசி முடித்துவிட்டேன். பௌர்ணமி வேண்டாம், லவுட் ஸ்பீக்கர் போடுவார்கள், உங்கள் வேலைக்கு ஆகாது. மே மாதம் முதல் வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் இருக்கிறது, ஆனால் சத்தம் ஜாஸ்தி, கேட்கிற நேரத்தில் நிறுத்திவிடலாம். குரங்கு உண்டு. வாழைப்பழத்தை வெளியே வைக்காதீர்கள்.

சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். பதினாலு வருடமாக வாயைத் திறக்காமல் படுத்திருக்கிறவன் நான். என்னிடம் போய் இப்படி.

ஜானி பாஷா

*

சென்னை
9-6-1981

திரு. ஜானி பாஷா அவர்களுக்கு,

முகாமுக்கு நீங்களும் முன்னி பேகம் அம்மாளும் செய்த உதவியை மறக்க மாட்டேன். பிரியாணியைப் பற்றி நான்கு பேராசிரியர்களும் இன்னும் பேசுகிறார்கள். குரங்கு ஜன்னல் வழியாக வந்து ஒரு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு மாமரத்தில் ஏறியது. அது குரங்கு என்பதுதான் அந்த இரண்டு நாளில் நான்கு தேர்வாளர்களும் ஒரே கருத்தாகச் சொன்ன ஒரே விஷயம்.

இனி வருத்தமான விஷயம்.

நேற்று சந்திரகலாவும் நானும் டேப்பை முதலிலிருந்து கேட்டோம். எட்டு டாக்டர்களும் இரண்டு வால்வு என்கிறார்கள். எட்டுப் பேரும் உங்களைக் குனியச் சொல்லி மூச்சை நிறுத்தியதாகச் சொல்கிறார்கள். எட்டுப் பேரும், "நோயாளிக்கு சைக்கிளில் நாலாவது மிதியில் மூச்சு வாங்கும்" என்று ஒரே வாக்கியத்தை ஒரே ராகத்தில் சொல்கிறார்கள். ஐந்தாவது மிதி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

உங்களிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. மூன்று மாத வேலை, நான்கு பெரியவர்களின் நேரம், எல்லாம் வீண். மாணவர்களின் அறிவை நான் அளக்கவே இல்லை. உங்கள் அறிவைத்தான் எட்டுத் தடவை டேப்பில் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தீர்கள்?

கஸ்தூரி

*

திருவண்ணாமலை
28-6-1981

டாக்டரம்மா அவர்களுக்கு,

சொன்னேன். மறுக்கவில்லை.

முதலில் வந்தது ஒரு பெண். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டாமலே என் நெஞ்சில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. "பயப்படாதம்மா, காதுல மாட்டிக்கோ, ரெண்டு வால்வு, குனிய வெச்சுக் கேளு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஒருத்திக்குச் சொல்லிவிட்டு மற்ற ஏழு பேருக்குச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம் இல்லையா? பரீட்சை என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதானே நீங்கள் இந்த முகாமையே நடத்தினீர்கள். அதனால் நாலாவது மிதி உட்பட எட்டுப் பேருக்கும் ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் ஒரே மாதிரி சொன்னேன். அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.

வாக்குத் தவறியது தப்புதான். மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். ஆபரேஷன் பற்றிக் கேட்க இரண்டு பெரிய டாக்டர்களிடம் போனேன். ஒருவர் கேட்டுவிட்டு, ஒரு வால்வுதான், உடனே திறந்துவிடலாம் என்றார். இன்னொருவர், இரண்டு வால்வு, தொட்டால் ஆபத்து, யோசிக்கணும் என்றார். நான் இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இத்தனை வருடம் இவர்கள் சண்டை மார்க்குக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

உங்களைத் தவிர எனக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

ஜானி பாஷா

*

சென்னை
20-8-1981

அன்புள்ள பாஷா பாய்,

முதலில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை சந்திரகலா படித்தாள். படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தாள். "அடியே, ஒரே நோயாளி, ஒரே பதில், ஒரே வாக்கியம். எட்டுப் பேருக்கும் ஒரே மார்க் வரணும். வந்துச்சா, பாரு" என்றாள். தாள்களை எடுத்துப் பரப்பினோம். எட்டுப் பேருக்கு ஆளுக்கு நான்கு தாள், ஒரே பதிலுக்கு முப்பத்திரண்டு மார்க்குகள். குறைந்தது முப்பது, அதிகமானது எழுபத்தொன்று. ஒருவர் காலையில் கறாராகவும் பிரியாணிக்குப் பிறகு தாராளமாகவும் போட்டிருக்கிறார். ஒருவர் ஆங்கிலம் நன்றாகப் பேசியவர்களுக்கெல்லாம் பத்து மார்க் கூட்டியிருக்கிறார். நான் மெனக்கெட்டிருந்தாலும் எட்டுப் பேரையும் இப்படி ஒரே அச்சில் வார்த்திருக்க முடியாது. நீங்கள் சொல்லிக்கொடுத்ததைக் கட்டுரையில் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

போன வாரம் அதே டேப்பை நால்வரிடமும் மறுபடி போட்டுக் காட்டி மார்க் வாங்கினேன். அப்பாதுரை சார் மே மாதத்தில் முப்பத்தாறு போட்ட ஒருவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு போட்டார். தாள் இரண்டையும் அவர் மேஜையில் வைத்தேன். "டேப் ரிகார்டர்ல கோளாறு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடி போடு" என்றார். எட்டுப் பேரும் இரண்டு வால்வு என்று சொல்வதை முழுதாகக் கேட்டார்.

அப்போது உங்கள் ஆபரேஷன் விஷயத்தையும் சொன்னேன்.  உங்கள் கடை எந்தத் தெருவில் என்று மட்டும் அவர் கேட்டார்.

காது வைத்து முடிவு செய்ய வேண்டாம் பாய். ரத்தக் குழாய் வழியாகச் சின்னக் குழாய் ஒன்றை இதயம் வரை விட்டு, சாயம் செலுத்திப் படம் எடுக்கிற சோதனை இருக்கிறது. தேதி வாங்குகிறேன். அவசியம் வாருங்கள்.

கஸ்தூரி

*

திருவண்ணாமலை
13-9-1981

டாக்டரம்மா அவர்களுக்கு சலாம்.

அப்பாதுரை சார் வந்திருந்தார். காரில் வரவில்லை, பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார். என் ஸ்டூலில் உட்கார்ந்து, "சட்டையைக் கழட்டுங்க பாஷா" என்றார். பதினாலு வருடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

குனிய வைத்தார், நிமிர வைத்தார். பத்து நிமிஷம் கேட்டிருப்பார். "எனக்கு இன்னும் ஒண்ணுதான் கேக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

நான் பேச்சை மாற்றுவோம் என்று கையிலிருந்த வேலையை எடுத்தேன். ஒரு டியூப் பஞ்சர். காற்றடித்து, எங்கே ஓட்டை என்று காதருகே வைத்துச் சுற்றிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் மெல்ல 'ஸ்ஸ்' என்றது. "அந்த ரெண்டாவது சத்தம் இந்த மாதிரிதான் இருக்கும்னு டாக்டரம்மா சொல்வாங்க சார்" என்று அவர் காதருகே நீட்டினேன்.

"எங்கே?" என்றார்.

"இதோ, இங்க சார்."

"காத்து வருதா?"

உள்ளே அடுப்படியிலிருந்து முன்னி பேகம், "வருது வருது, எனக்கே கேக்குது" என்றாள்.

அவர் டியூபை என் கையிலிருந்து வாங்கி இந்தக் காதில் வைத்தார், அந்தக் காதில் வைத்தார். அப்புறம் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காற்று படுவது தெரிந்திருக்க வேண்டும்.  தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "எத்தனை வருஷமா, தெரியலையே" என்றார்.  எனக்கு என்ன தெரியும்.

போகும்போது, உங்களை ஃபெயில் போட்டது ஞாபகம் இருப்பதாகச் சொன்னார். நான் பஸ் ஏற்றிவிட்டேன்.

சோதனைக்கு வருகிறேன். முன்னி பேகமும் வருவாள்.

ஜானி பாஷா

*

சென்னை
24-1-1982

அன்புள்ள பாஷா பாய்,

நீங்கள் வார்டில் தூக்க மருந்து மயக்கத்தில் இருந்தபோது நான் சொன்னது நினைவில் இருக்காது என்பதால் எழுத்தில் தருகிறேன். இரண்டு வால்வு. இரண்டாவதின் ஒழுகல் மிகக் கொஞ்சம். சுருங்கிய வால்வைத் திறக்க அது தடையில்லை. ஆபரேஷன் பிப்ரவரி பதினாறு. நான் கூடவே இருப்பேன்.

படத்தைப் பார்த்தபோது சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். முதலில் உங்களுக்கு ஆபத்தில்லை என்ற நிம்மதிதான் வந்தது. வீட்டுக்குப் போய்க் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தபோது, நான் சொன்னது சரி, நான் சொன்னது சரி என்று திடீரென்று வந்துவிட்டது. குழம்பு கருகிவிட்டது.

நேற்று கல்லூரிக் கூட்டத்தில் என் கட்டுரையைப் படிக்க எழுந்தேன். அப்பாதுரை சார் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டு தானே படித்தார். தன் பெயருக்கு நேரே இருந்த மார்க்குகளை மட்டும் இரண்டு தடவை படித்தார். "என் காது போயிடுச்சு. எப்போ போச்சுன்னு எனக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சைக்கிள் கடைக்குப் போக வேண்டியிருந்தது. இனி நான் தேர்வாளரா வர மாட்டேன்" என்றார்.  இனிமேல் தேர்வாளர்கள் தனித்தனித் தாளில் மார்க் போட்ட பிறகுதான் பேசிக்கொள்ள வேண்டும், வித்தியாசம் அதிகமானால் காரணம் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒருவர் மட்டும் எதிர்த்தார். யார் என்று உங்களுக்கே தெரியும், பிரியாணிக்குப் பிறகு தாராளமானவர்.

கஸ்தூரி

*

திருவண்ணாமலை
30-11-1985

டாக்டரம்மா அவர்களுக்கு ஜானி பாஷாவின் சலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு யார் இனி என்னைக் கேஸாகக் கூப்பிடப் போகிறார்கள் என்று இருந்தேன். கார்டு வந்ததும் முன்னி பேகம் சட்டைக்குக் கஞ்சி போட்டுவிட்டாள். தேர்வாளர் நாற்காலியில் உங்களைப் பார்த்ததும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. படுத்திருக்க வேண்டுமே என்று படுத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. தருமன் என்ற அந்த டாக்டர் இருபது நிமிஷம் கேட்டார். என் தழும்பைப் பார்த்து ஆபரேஷனைச் சொல்லிவிட்டார். ஆனால் இரண்டாவது சத்தத்துக்காகக் குனிய வைத்தார், நிமிர வைத்தார், வியர்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் உங்களிடம் வந்து, "இருக்கலாம்னு தோணுது மேடம். ஆனா கேட்டுச்சுன்னு என்னால உறுதியா சொல்ல முடியல" என்றார். நாக்கு நுனி வரை வந்தது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நீங்கள் எழுபது போட்டீர்கள், மற்றவர் நாற்பது போட்டார், எது சரி என்று நீங்கள் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் இருவரும் தாளை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனீர்கள். கதவு சாத்தியிருந்தது. தருமன் என் கட்டிலருகே உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே உங்கள் குரல் ஏறியது, அவர் குரல் ஏறியது. கால் மணி நேரம் ஆயிற்று. டீ கொண்டுபோன ஆள் கதவைத் தட்டாமலே திரும்பி வந்து, டீயை வார்டு மேஜையில் வைத்துவிட்டார்.

தருமன் என்னைப் பார்த்து, "பாய், நான் ஃபெயிலா?" என்று கேட்டார்.

"தெரியாது டாக்டர்" என்றேன். "ஆனா உங்களுக்காக உள்ள ரெண்டு பேரு சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. எங்க காலத்துல அதெல்லாம் கிடையாது. தலையாட்டிட்டுப் போயிடுவாங்க."

 அவர் எழுந்து போய், உங்களுக்காக வைத்திருந்த டீயில் ஒன்றை எடுத்து நிம்மதியாகக் குடித்தார்.

ஜானி பாஷா